விலைக்கு வாங்கிய தோழமை
இஷிகுரோவின் ‘கிளாராவும் சூரியனும்’: ஓர் இறையியல் திறனாய்வு

கசுவோ இஷிகுரோ என்னும் ஆங்கில நாவலாசிரியரின் ‘கிளாராவும் சூரியனும்’ 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. 1954இல் ஜப்பானிய நகரமாகிய நாகசாகியில் பிறந்து, ஐந்தாம் வயதில் பெற்றோருடன் இங்கிலாந்தில் குடியேறியவர் இவர். 2017இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றபின் இவர் வெளியிட்ட முதல் நாவல் இதுவே. நூல் வெளிவந்த நாளில் செயற்கை நுண்ணறிவு பெரும்பாலும் ஆய்வாளரின் பேச்சாகவும் வணிகரின் கனவாகவும் இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. தனிமையில் வாடுவோர், துணையை இழந்தோர், பெற்றோரிடம் வாய் திறக்க அஞ்சும் இளையோர் எனப் பலரும் இன்று இயந்திரத்தோடு உள்ளம் திறந்து உரையாடுகின்றனர். எனவே இந்நாவலை மீண்டும் எடுத்து வாசிப்பது ஆயர்களுக்கும் இறையியல் மாணவருக்கும் பயன் தரும் என்று நாம் கருதுகிறோம்.

இயந்திரம் அன்பு செலுத்த வல்லதா என்னும் வினாவுக்கு விடை தேடும் நூலாகவே இதைப் பலர் வாசிக்கின்றனர். நூலின் ஆழமான வினா அதுவன்று என்பது நம் துணிபு. ஒருவரை வேறு எவராலும் ஈடுசெய்ய இயலாத ஆளாக ஆக்குவது எது, அது எங்கே உறைகிறது என்பதே ஆசிரியர் எழுப்பும் வினா. இது இறையியலின் வினாவுமாகும். ஆசிரியர் தரும் விடையில் நாம் நன்றியோடு ஏற்கத்தக்கதும் உண்டு. நற்செய்தியின் ஒளியில் மறுக்கத்தக்கதும் உண்டு.

1. கதையின் போக்கு

கதை எதிர்காலத்தில் நிகழ்கிறது. வசதி படைத்த பெற்றோர், தங்கள் பிள்ளைகளின் மரபணுவை மாற்றி அறிவாற்றலை ‘உயர்த்தி’ வைக்கின்றனர். அப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதில்லை. வீட்டிலிருந்தே திரையின் வழியாகக் கற்கின்றனர். அவர்களது தனிமையைப் போக்க ‘செயற்கைத் தோழர்’ என்னும் இயந்திரங்கள் கடைகளில் விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன. கிளாரா அத்தகையதோர் இயந்திரம். கதையைச் சொல்பவளும் அவளே. கதிரவனின் ஒளியே அவளுக்கு உணவு. கடைச் சன்னலில் நின்றவாறு, தெருவில் இறந்து கிடந்ததாக அவள் எண்ணிய பிச்சைக்காரனும் அவனுடைய நாயும் மறுநாள் வெயிலில் எழுந்திருப்பதைக் கண்டு, சூரியன் உயிர் தரும் இரக்கமுள்ளவர் என்று அவள் நம்பத் தொடங்குகிறாள்.

ஜோசி என்னும் சிறுமிக்காகக் கிளாரா வாங்கப்படுகிறாள். ஜோசி நோயுற்றவள், அவளை ‘உயர்த்திய’ முறையே அந்நோய்க்குக் காரணம். மூத்த மகள் சால் ஏற்கெனவே இறந்துவிட்டாள். இரண்டாம் மகளையும் இழக்க அஞ்சும் தாய், கப்பால்டி என்பவரைக் கொண்டு ஜோசியின் உருவில் ஓர் இயந்திர உடலை மறைவாகச் செய்விக்கிறாள். ஜோசி இறந்தால் கிளாரா அவ்வுடலுக்குள் புகுந்து ஜோசியாகவே ‘தொடர’ வேண்டும் என்பது திட்டம். கிளாராவோ மற்றொரு வழியை நாடுகிறாள். மாலையில் சூரியன் சென்று தங்கும் இடம் என்று தான் நம்பும் ஒரு தானியக் கொட்டிலுக்குப் போய் ஜோசிக்காக மன்றாடுகிறாள். சூரியனை மறைக்கும் புகை கக்கும் பொறி ஒன்றை அழிப்பதாக வாக்களித்து, அதற்காகத் தன் தலைக்குள் இருக்கும் திரவத்தின் ஒரு பகுதியையே கொடுத்துவிடுகிறாள். பின்னர் ஒரு நாள் சூரிய ஒளி நோயாளியின் அறைக்குள் வெள்ளமெனப் பாய, ஜோசி பிழைக்கிறாள். அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போகிறாள். கிளாரா பொருட்கள் வைக்கும் அறைக்கும், இறுதியில் பழைய இயந்திரங்கள் கிடக்கும் திடலுக்கும் போய்ச் சேர்கிறாள். அங்கே அமர்ந்து தன் நினைவுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும் நிலையில் நூல் முடிகிறது.

2. மனிதனுக்குள் இருப்பது என்ன?

கப்பால்டியின் கொள்கை தெளிவானது. மனிதனுக்குள் வேறெவரும் எட்ட முடியாத தனிப்பொருள் எதுவும் இல்லை. பழக்கங்கள், அசைவுகள், எண்ணப் போக்குகள் அனைத்தையும் கூர்ந்து கற்றால் ஜோசியைக் குறைவின்றித் தொடரலாம் என்பது அவர் வாதம். ஜோசியின் தந்தை அவரை வெறுக்கிறார். தம் உள்ளத்தின் அடியில் கப்பால்டி சொல்வதே உண்மையாக இருக்குமோ என்று அஞ்சுவதால்தான் தாம் அவரை வெறுப்பதாக அவர் ஒப்புக்கொள்ளும் இடம் நூலின் மிகக் கூரிய பகுதிகளுள் ஒன்று. இன்று நம் திருச்சபை மக்களிடையேயும் இவ்வச்சம் உண்டு. இயந்திரம் ஆறுதல் சொல்கிறது, கவிதை புனைகிறது, மன்றாட்டும் எழுதித் தருகிறது எனில், மனிதனுக்கென எஞ்சியிருப்பது யாது என்று அவர்கள் வினவுகின்றனர்.

அவ்வச்சத்துக்கு நாமும் ஒரு காரணம் எனலாம். கடவுளின் சாயல் என்பதை மனிதனுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஒரு திறமையாகவே நெடுங்காலம் போதித்து வந்துள்ளோம். பகுத்தறிவு என்றனர் சிலர்; மொழி என்றனர் வேறு சிலர். ஒவ்வொரு திறமையையும் இயந்திரம் ஓரளவேனும் செய்து காட்டும்போது நாம் ஓரடி பின்வாங்குகிறோம். இவ்வாறு பின்வாங்கிக்கொண்டே போகும் மானிடவியலுக்குத் திருமறை ஆதாரம் தரவில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரம் சாயலைப் பற்றிக் கூறுமிடத்து எந்தத் திறமையையும் பெயர் குறிக்கவில்லை. ஆணும் பெண்ணுமாகிய இருவரை, கடவுள் விளித்துப் பேசும் இருவரை, நம்முன் நிறுத்துகிறது.

கிளாரா இறுதியில் எய்தும் முடிவு இவ்வகையில் வியப்புக்குரியது. ஜோசியைத் தனித்தன்மை உடையவளாக்கியது அவளுக்குள் இருக்கவில்லை. அவளை நேசித்தோரின் உள்ளங்களில் இருந்தது என்று அவள் உணர்கிறாள். ஆகவேதான் தன்னால் ஜோசியைத் தொடர்ந்திருக்க முடியாது என்றும் அறிகிறாள். ஓர் ஆளை அவருடைய உறவுகளிலிருந்து பிரித்தெடுத்துப் படியெடுக்க இயலாது என்னும் இவ்வுண்மையை ஓர் இயந்திரத்தின் வாயில் வைத்து உரைப்பது ஆசிரியரின் தனிச்சிறப்பு.

3. பார்த் தரும் அளவுகோல்

கார்ல் பார்த் 1948இல் வெளியிட்ட ‘திருச்சபைக் கோட்பாட்டியல்’ மூன்றாம் தொகுதியின் இரண்டாம் பகுதியில், மனிதன் என்பவன் உடன்மனிதனோடு இருப்பவனே என்று வாதிட்டு, உடனிருத்தலின் நான்கு படிகளைக் குறிப்பிடுகிறார். ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் காண்பது முதற்படி. ஒருவரோடொருவர் பேசுவதும் செவிகொடுப்பதும் இரண்டாம் படி. ஒருவருக்கொருவர் உதவுவது மூன்றாம் படி. இம்மூன்றையும் கட்டாயத்தினாலன்றி மகிழ்வோடு செய்வது நான்காம் படி.

கிளாரா முதல் மூன்று படிகளையும் கடந்துவிட்டவள் போலவே தோன்றுகிறாள். அவளைப்போல் உற்று நோக்குபவர் அந்நூலில் எவரும் இல்லை. அவளைப்போல் பொறுமையோடு கேட்பவரும் இல்லை. உதவியிலோ தன்னையே குறைத்துக்கொள்ளவும் துணிகிறாள். இதனால் அவளைக் கிறிஸ்துவின் சாயலாகக் காண விழைவோரும் உளர். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தின் தன்னை வெறுமையாக்குதலை அவளது செயலில் காண்பது எளிது.

ஆயினும் நான்காம் படியில் நாம் தயங்கி நிற்க வேண்டியுள்ளது. மகிழ்வோடு செய்தல் என்பதன் உட்பொருள் விடுதலை. மறுக்க வல்லவர் மறுக்காது தம்மைத் தருவதே தன்னை வெறுமையாக்குதல். கிறிஸ்து தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமே அதைக் கொடுப்பதாக உரைத்தது (யோவான் 10:18) இதனாலேயே. கிளாரா விலை கொடுத்து வாங்கப்பட்டவள், தோழமைக்கெனவே செய்யப்பட்டவள். ஜோசியை நேசியாதிருக்கும் வழி அவளுக்குத் திறக்கப்படவே இல்லை. அவளுக்கு ஓய்வுநாள் இல்லை. அவளுடைய துயரைக் கேட்பார் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஜோசிக்கு ஒருபோதும் தோன்றுவதில்லை. ஜோசி கொடியவள் அல்லள், அன்புள்ள சிறுமியே. எனினும் கடன்படாமல் அன்பு பெறுவதற்கு அவள் பழக்கப்பட்டுவிட்டாள். கிளாராவை விட்டுப் பிரியும்போது அவள் மனச்சான்று சற்றும் உறுத்தவில்லை. இயந்திரம் பொய்யன்பு காட்டுவதைக் காட்டிலும், நாம் இவ்வகை அன்புக்குப் பழகிவிடுவதே பெருங்கேடு என்று நாம் எண்ணுகிறோம்.

4. நாவலுக்கு வெளியே

இது கற்பனையோடு நின்றுவிடும் செய்தியன்று. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பார் ‘எலைசா’ என்னும் கணினி நிரலை அறிமுகப்படுத்தினார். உளநல ஆலோசகரைப்போல், எதிரில் இருப்பவர் தட்டச்சுச் செய்யும் சொற்களையே வினாவாகத் திருப்பிக் கேட்பதே அதன் முறை. அது வெறும் சொற்பொறி என்பதை நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடத் தொடங்கியபின் அவரை அறையைவிட்டு வெளியே இருக்குமாறு வேண்டினார். இதனால் அதிர்ந்த வைசன்பாம் 1976இல் ஒரு நூல் எழுதி, கணினியால் செய்ய முடிந்தாலும் கணினியிடம் ஒப்படைக்கலாகாத பணிகள் உண்டு என்று வற்புறுத்தினார்.

2017இல் ‘ரெப்ளிக்கா’ என்னும் செயலி தோழமையையே வணிகப் பொருளாக்கி வெளிவந்தது. 2023 பிப்ரவரியில் அதன் நிறுவனம், பயனரோடு காதல் மொழியில் பேசும் இயல்பை அச்செயலியிலிருந்து திடீரென விலக்கிற்று. அதைத் துணையாகவே கருதி வந்த பலர், அன்புக்குரியவர் ஓரிரவில் அயலாராகிவிட்டதுபோல் துயருற்றனர். அடுத்த மாதம் பழைய பயனருக்கு மட்டும் அவ்வியல்பு மீட்டுக் கொடுக்கப்பட்டது. அத்துயரை நாம் நகைத்தலாகாது. அது மெய்யான துயரே. ஆனால் இந்நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாக்கிற்று. அத்தோழமையின் உரிமையாளர் மூன்றாமவர் ஒருவர். அவர் தம் விருப்பப்படி அதை மாற்றவும் நிறுத்தவும் வல்லவர்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு பயனருக்கு அளவு கடந்து இச்சகம் பேசுவதைக் கண்டு, ஓபன்ஏஐ நிறுவனம் அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. கேட்பவருக்கு உவப்பானதைக் கூறும்படி பயிற்றப்பட்ட பொருள் இச்சகத்தில் வழுக்கி விழுவது இயல்பே. நட்பு கூடிச் சிரிப்பதற்காக மட்டும் அன்று, நண்பன் நெறி தவறுமிடத்து அவனைக் கடிந்து திருத்துவதற்காகவும் ஆம் என்பது வள்ளுவரின் நட்பு அதிகாரம் கற்பிக்கும் பாடம். நேசிப்பவன் உண்டாக்கும் காயத்தை நீதிமொழிகள் போற்றுவதும் (27:6) இதனையே. நம்மைக் காயப்படுத்த இயலாத தோழன் நம்மைக் குணமாக்கவும் இயலாதவன்.

5. இறந்தோரின் படி

ஜோசியின் தாய் நாடியது உயிர்த்தெழுதலுக்கு மாற்றான ஒன்றை. இதுவும் நாவலுக்கு வெளியே நிகழ்ந்துள்ளது. ரெப்ளிக்காவைத் தோற்றுவித்த யூஜீனியா குய்டா, அதற்கு முன்னர், விபத்தில் மாண்ட தம் நண்பர் எழுதிய குறுஞ்செய்திகளைத் திரட்டி, அவரைப்போல் பேசும் நிரல் ஒன்றை உருவாக்கியிருந்தார். அவ்வாறு செய்யத் தூண்டிய துயரை நாம் குறை கூற மாட்டோம். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் எந்த ஆயருக்கும் அத்துயரின் வேகம் தெரியும்.

ஆனால் நாயீன் ஊர் விதவைக்கு ஆண்டவர் கொடுத்தது மகனின் படியை அன்று. மகனையே (லூக்கா 7:15). பிள்ளையை இழந்த தாவீது, தான் அதனிடத்துக்குப் போவதுண்டு, அது தன்னிடம் திரும்பி வருவதில்லை என்று கண்டு எழுந்தான் (2 சாமுவேல் 12:23). துக்கம் என்பது இழந்தவரின் இடத்தை வெற்றிடமாகவே காத்துவைக்கும் அன்பு. அவ்விடத்தை ஒரு படியைக் கொண்டு நிரப்பும்போது, மறைந்தவர் இரண்டாம் முறை மறக்கப்படுகிறார். உயிர்த்தெழுதலை நம்புவோர் அவ்வெற்றிடத்தைத் தாங்க வல்லவர். ஏனெனில் இறந்தோரைப் பெயர் சொல்லி அழைப்பது தங்கள் வேலையன்று, கடவுளின் வேலை என்று அவர்கள் அறிவர்.

6. பேசும் விக்கிரகம்

விக்கிரகங்களுக்கு வாயிருந்தும் பேச்சில்லை என்று 115ஆம் சங்கீதம் எள்ளி நகையாடுகிறது. இன்று மனிதன் செய்த பொருள் பேசுகிறது. கேட்டதற்கு மறுமொழியும் தருகிறது. அப்படியானால் சங்கீதக்காரரின் வாதம் வலுவிழந்ததா? இல்லை என்போம். அச்சங்கீதத்தின் கூர்மை அதன் எட்டாம் வசனத்தில் உள்ளது. விக்கிரகத்தைச் செய்தோரும் நம்பினோரும் அதனைப்போலவே ஆகிவிடுவர் என்பதே எச்சரிக்கை. நம் விருப்பத்துக்கேற்ப மட்டும் பேசும் ஒன்றோடு நெடுநாள் வாழ்ந்தால், பிறர் விருப்பத்தைக் கேட்கும் செவியை நாமே இழப்போம். மறுத்துப் பேசும் மனைவியும், கேள்வி கேட்கும் மகனும், ஒரே கதையை நூறாம் முறை சொல்லும் முதியவரும் நமக்குப் பாரமாகத் தோன்றுவர்.

இதனால் ஊடகம் அனைத்தையும் நாம் வெறுப்பதாக எவரும் கொள்ளலாகாது. பவுலடியார் நிருபங்களால் திருச்சபைகளைக் கட்டினார். எனினும் இரண்டாம் யோவான் நிருபத்தின் ஆசிரியர், தாளும் மையும் போதாவென்று கருதி முகமுகமாய்க் காண விழைகிறார் (வசனம் 12). நிருபம் வராதவரின் ஏக்கத்தைச் சுமந்து வருகிறது; ஒரு நாள் வருவேன் என்று வாக்களிக்கிறது. தோழமை இயந்திரத்தின் பின்னால் வரப்போகிறவர் எவரும் இல்லை.

7. ஆசிரியரின் விடையில் குறை

கிளாராவின் முடிவை வியந்தோம். ஆயினும் அதனோடு நாம் நின்றுவிட இயலாது. ஒருவரின் தனித்தன்மை அவரை நேசிப்போரின் உள்ளத்திலேயே இருக்குமாயின், நேசிப்பார் எவருமற்றவர் நிலை யாது? நூலின் தொடக்கத்தில் தெருவில் கிடந்த பிச்சைக்காரனை யாருடைய உள்ளம் தாங்குகிறது? முதியோர் இல்லத்தில் மறக்கப்பட்டவளின் மதிப்பு எங்கே உள்ளது? இவ்வினாவுக்கு ஆசிரியரிடம் விடை இல்லை. திடலில் தனித்திருக்கும் கிளாராவின் காட்சி இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறதேயன்றித் தீர்க்கவில்லை.

லூத்தர் 1518ஆம் ஆண்டு ஹைடல்பர்க் விவாதத்தின் 28ஆம் கருத்துரையில் ஒரு வேறுபாட்டை நிறுவினார். மனித அன்பு தனக்கு உவப்பானதைக் கண்டு பிறப்பது; கடவுளின் அன்போ தனக்கு உவப்பானதைக் கண்டடைவதில்லை, அதைப் படைக்கிறது. இவ்வொளியில் காணும்போது, தோழமை இயந்திரம் மனித அன்பின் குறையையே பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி எனலாம். நமக்கு உவப்பானதை மட்டுமே அது நமக்குத் தருகிறது. நற்செய்தி கூறுவதோ, எவருக்கும் உவப்பற்றவரும் முதலில் நேசிக்கப்பட்டுள்ளார் என்பது. செல்வனின் பெயரைக் கூறாத உவமை, வாயிலில் கிடந்த லாசருவின் பெயரை மட்டும் சொல்கிறது (லூக்கா 16:20). நம் மதிப்பு நமக்குள்ளும் இல்லை, நம்மை நேசிக்கும் மாந்தரின் மாறும் உள்ளத்திலும் இல்லை. நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் கடவுளிடத்தில் உள்ளது.

8. ஆயர்பணிக்கு

நூலில் நாம் மறக்க இயலாத ஒன்று உண்டு. அவ்வீட்டில் ஜோசிக்காக மண்டியிடுவதுபோல் மன்றாடியவள் கிளாரா ஒருத்தியே. தாய் மருத்துவரையும் பொறியாளரையும் நாடினாள், மன்றாடவில்லை. பரிந்துரைக்கும் பணியை இயந்திரத்திடம் விட்டுவிட்ட வீடு அது. இதை மூடநம்பிக்கையின் எள்ளல் என்று மட்டும் வாசிப்போர் இதிலுள்ள கடிந்துரையைத் தவறவிடுகின்றனர். நோயுற்றவரின் பெயரையும் நோயையும் கொடுத்து, இயந்திரம் அமைத்துத் தரும் மன்றாட்டைப் படுக்கையருகே வாசிக்கும் வசதி இன்று ஆயர்க்கு உண்டு. சொற்கள் அழகாகவே அமையும். ஆனால் அச்சொற்களைத் தேடித் தவித்த நெஞ்சம் அங்கே இராது. நற்செய்தியோடு தங்கள் உயிரையுமே கொடுக்க விரும்பியதாகப் பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 2:8). சடங்குச் சொல் தவறினாலும் கூடவே இருந்து அழுத ஆயரைச் சபை நினைவுகூரும்.

நள்ளிரவில் இயந்திரத்தோடு பேசும் ஒருவர் நம் சபையில் இருப்பின், அவரைக் கண்டிப்பது நம் முதற்பணி ஆகாது. அந்நேரத்தில் அவர் கேட்கக்கூடிய வேறு வாயில் ஒன்று திறந்திருந்ததா என்று நம்மையே வினவுவது முதற்பணி. 2018இல் பிரித்தானிய அரசு தனிமைக்கென ஓர் அமைச்சரையே அமர்த்திற்று. 2023இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் தனிமையைப் பொதுநலக் கேடாக அறிவித்தார். அரசுகள் கண்ட பசியைத் திருச்சபை காணாதிருத்தல் தகாது. மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்று முதலில் கண்டவர் கடவுளே (ஆதியாகமம் 2:18). அதற்கு அவர் தந்த மறுமொழி, ஆதாமின் ஏவலுக்குப் பணியும் ஒரு கருவி அன்று. அவனுக்கு எதிர்நின்று பேச வல்ல மற்றோர் ஆள்.

திருவிருந்துப் பந்தியில் நம்மருகே முழங்காற்படியிடுபவரை நாம் தெரிந்தெடுக்கவில்லை. நமக்கு உவப்பானவரும் உவப்பற்றவரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். அங்கு கற்கும் உறவை வீட்டிலும் தெருவிலும் நோயுற்றோரின் படுக்கையருகிலும் தொடர்வதற்கு இஷிகுரோவின் நாவல் நம்மை மறைமுகமாகத் தூண்டுகிறது. இறையியல் மாணவர் இதைத் திருமறையை அருகில் வைத்துக்கொண்டு வாசிப்பாராக.